ஆணியும் இல்லை, பசையும் இல்லை

புனேயின் போசரியில் ஒரு சின்ன லேத் பட்டறை. என் யெஸ்டி மோட்டார்சைக்கிளின் கிராங்கை மண்ணெண்ணெயில் கழுவி, பனியன் துணியால் துடைத்து மேசைமேல் நிறுத்தினார் பட்டறைக்காரர். ஊரே அவரைக் 'காகா' என்கிறது. மராத்தியில் சித்தப்பா; தமிழ்க் காதுக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும், எனக்குப் பழகிவிட்டது. கிராங்கின் இரண்டு இரும்பு வட்டுகளின் முதுகில் ஓர் எஃகு ஸ்கேலைக் குறுக்கே வைத்து, பின்னாலிருந்து டார்ச் அடித்தார். ஒரு வட்டின்மேல் ஸ்கேல் ஒட்டிப் படுத்திருந்தது. இன்னொன்றில் நூலிழை அளவுக்கு வெளிச்சம் கசிந்தது.

"நழுவிடுச்சு," என்றார்.

இரண்டு மாதம் முன்புதான் வேறொரு பட்டறையில் ராடு கிட் மாற்றியிருந்தேன். அதாவது கனெக்டிங் ராடு, அதன் அடியில் சுழலும் பின், இரண்டுக்கும் நடுவிலுள்ள பேரிங், எல்லாம் புதுசு. முந்நூறு கிலோமீட்டர் ஓடியிருக்கும். ஹேண்டில்பாரில் முதலில் ஒரு கூச்சம், பிறகு கை மரத்துப்போகும் அளவுக்கு அதிர்வு. இன்ஜினைப் பிரித்தபோது அந்தப் புதிய பின்னின் ஓரத்தில் செம்மண் பொடிபோல ஏதோ படிந்திருந்தது.

காகா நழுவிவிட்டது என்றதும் எனக்கு வந்த கேள்வி வேறு. நழுவாமல் இருக்க இதில் என்ன இருக்கிறது? குனிந்து தேடினேன். இரண்டு வட்டுகளையும் சேர்த்துப் பிடித்திருப்பது அந்தக் குட்டைப் பின் ஒன்றுதான். அதன் இரு நுனிகளும் வட்டுகளின் துளைகளுக்குள் போய் நிற்கின்றன. போல்ட் இல்லை, நட்டு இல்லை, ஆப்பு இல்லை. வெல்டிங் வைத்த தடம்கூட இல்லை.

இது தாங்கும் அடியைக் கொஞ்சம் கணக்குப் பாருங்கள். தையல் மிஷினில் காலால் மிதிக்கிறோம். மிதியிலிருந்து மேலே போகும் கம்பி, சக்கரத்தின் மையத்தைவிட்டுத் தள்ளி நிற்கும் ஒரு முளையை இழுக்கிறது. மேலும் கீழுமான அசைவு சுழற்சியாகிறது. இன்ஜினில் காலுக்குப் பதில் பிஸ்டன், கம்பிக்குப் பதில் கனெக்டிங் ராடு, முளைக்குப் பதில் கிராங்க் பின். மொத்த அமைப்பையும் தமிழில் வணரி என்கிறார்கள். வணர் என்றால் வளைவு. சங்க இலக்கியத்தில் யாழின் வளைந்த கோட்டுக்கு வரும் சொல். யெஸ்டி 250இல் பிஸ்டனின் விட்டம் 65 மில்லிமீட்டர், அது ஏறி இறங்கும் தூரம் 75. நிமிடத்துக்கு 4,500 சுற்று என்றால் நொடிக்கு 75 சுற்று. பிஸ்டன் சராசரியாக மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது, ஆனால் நொடிக்கு 150 முறை நின்று திரும்பியபடி. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வெடிப்பு. வெடிக்கும் கணத்தில் பிஸ்டனின் தலையில் ஏறத்தாழ ஒரு டன் இறங்குகிறது. அத்தனையும் ராடு வழியாக அந்தப் பின்னுக்குத்தான் வரும்.

போல்ட்டைப் பிறகு பார்ப்போம். இப்படித் துண்டுதுண்டாகச் செய்து சேர்ப்பானேன், ஒரே இரும்பில் வார்த்துவிடலாமே என்ற கேள்வி முதலில் இருக்கிறது. இந்த ஊரில் அதைக் கேட்காமல் இருக்க முடியாது. புனே கிராங்க்ஷாஃப்ட்டுகளின் ஊர். முந்த்வாவில் பாரத் ஃபோர்ஜ் இருக்கிறது. 1961இல் தொடங்கிய நிறுவனம், 16,000 டன் விசையுள்ள அச்சில் பழுக்கக் காய்ந்த எஃகை அழுத்தி, உலகமெங்கும் ஓடும் லாரிகளுக்கு வணரித்தண்டு செய்கிறது. அதே 1961இல்தான் மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை வண்டி செய்ய ஆரம்பித்தது. ஃபரோக் இரானி செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவா நிறுவனத்திடம் உரிமம் பெற்று நடத்தினார். முதலில் ஜாவா என்ற பெயரிலும் 1970களிலிருந்து யெஸ்டி என்ற பெயரிலும் வண்டிகள் வந்தன. 1996இல் அது மூடப்பட்டது. 2018இல் ஜாவா பெயர் திரும்பி வந்தபோது முதல் ஷோரூம்கள் திறந்ததும் புனேயில்தான், பாணேரிலும் சிஞ்ச்வடிலும். பெயர்தான் வந்தது. புதிய வண்டி நாலு ஸ்ட்ரோக், நீரால் குளிர்விக்கப்படுவது. என் கிராங்குக்கு அதில் ஒரு வாஷர்கூட உதவாது.

லாரி கிராங்கை ஒரே துண்டாகச் செய்ய முடிவதற்குக் காரணம் அதன் ஆயில். லாரி இன்ஜினின் அடியில் எண்ணெய்த் தொட்டி இருக்கிறது. பம்ப் ஒன்று அந்த எண்ணெயை அழுத்தத்தோடு அச்சுக்கும் ராடுக்கும் நடுவே செலுத்திக்கொண்டே இருக்கும். ஈர மொசைக் தரையில் சோப்புத் தண்ணீர் கொட்டினால் கால் எப்படி வழுக்குகிறதோ, அப்படி ஓர் எண்ணெய்ப் படலத்தின்மேல் உலோகம் உலோகத்தைத் தொடாமல் மிதக்கிறது. அங்கே பேரிங் என்பது மெல்லிய இரு பிறைத் தகடுகள். ஆகவே ராடின் அடிவளையத்தையும் இரண்டாகப் பிளந்து, கிராங்கை நடுவில் வைத்து, போல்ட் போட்டு மூடிவிடலாம்.

என் யெஸ்டி டூ ஸ்ட்ரோக். அதன் இன்ஜினடியில் எண்ணெய்த் தொட்டிக்கு இடமே கிடையாது. வணரி சுழலும் அந்த அறைக்கு வேறு வேலை இருக்கிறது. கொல்லன் துருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் மேலே போகும்போது கீழறை விரிந்து, கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் கலந்த காற்றை உறிஞ்சுகிறது. கீழே வரும்போது அதை நெருக்கி, பக்கவாட்டு வழிகளில் சிலிண்டருக்குள் ஊதுகிறது. வால்வு, கேம் என்று எதுவும் இல்லாமல் இன்ஜின் மூச்சுவிடுவது இந்தத் துருத்தியால்தான். 1891ஐ ஒட்டி இங்கிலாந்தில் ஜோசஃப் டே என்பவர் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. துருத்திக்குள் எண்ணெயைத் தேக்கினால் என்ன ஆகும்? எல்லாம் சிலிண்டருக்குப் போய்ப் புகைந்துவிடும். எனவே பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்துவிடுகிறோம். லிட்டருக்கு நாற்பது மில்லி, பங்க்கில் அளந்து ஊற்றிய அந்த 2டி ஆயில். வணரிக்குக் கிடைப்பது போகிற வழியில் தூவிவிட்டுப் போகும் எண்ணெய்ச் சாரல் மட்டுமே. (டூ ஸ்ட்ரோக் வண்டிகளைக் கொன்றதும் இதே துருத்திதான். புதிய கலவை உள்ளே வரும்போது ஒரு பங்கு எரியாமலே சைலன்சர் வழியாகத் தப்பிவிடும். 1990களில் புகை விதிகள் இறுகியபோது, இங்கே வேதாள் குன்றின்மேல் இருக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனைச் சாலைகளின் கருவிகளுக்கு இதை மறைக்க வழியே இல்லை.)

சாரலை நம்பி மிதக்க முடியாது, உருளலாம். பீரோவை இழுப்பதற்குப் பதில் அடியில் நாலு குழாய்த் துண்டு போட்டு உருட்டுகிறோம் அல்லவா, அதேதான். பின்னைச் சுற்றி எஃகு உருளைகள், அவற்றைச் சுற்றி ராடின் வளையம். உருளைகளுக்கு எண்ணெய் கொஞ்சம் போதும். ஆனால் அவை ஓடும் தடத்தில் ஒரு விளிம்பு, ஒரு இணைப்பு இருக்கக்கூடாது. ரயில் தண்டவாளத்தில் 'தடக் தடக்' என்று கேட்பது ஒவ்வொரு இணைப்பிலும் சக்கரம் வாங்கும் அடி. நொடிக்கு 75 முறை அந்த அடி விழுந்தால் உருளை பிழைக்காது. ஆகவே ராடின் வளையம் முழு வளையமாக இருக்க வேண்டும். பிளவில்லாத வளையலை முழங்கை மடக்கிய கையில் நடுவிலிருந்து எப்படி நுழைப்பீர்கள்? நுழைக்க முடியாது. கையைத்தான் பிரிக்க வேண்டும். அதனால்தான் கிராங்க் ஐந்தாறு துண்டாகப் பிறக்கிறது. சின்ன நாலு ஸ்ட்ரோக் வண்டிகள் பலவும் இந்த வழியில்தான் போகின்றன, ஆனால் அவற்றுக்கு வேறு வழியும் உண்டு.

சரி, அந்தத் துண்டுகளைச் சேர்த்துப் பிடிப்பது எது? எங்கள் ஊரில் மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை ஏற்றுவதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். பட்டை, சக்கரத்தைவிடக் கொஞ்சம் சிறியதாகவே அடிக்கப்பட்டிருக்கும். அதைத் தரையில் கிடத்தி, சுற்றிலும் வரட்டி அடுக்கிக் கொளுத்துவார்கள். பழுத்ததும் நாலு பேர் இடுக்கியால் தூக்கி மரச்சக்கரத்தின்மேல் இறக்குவார்கள். மரம் பற்றிக்கொண்டு புகையும். உடனே குடம் குடமாகத் தண்ணீர். சீறல் அடங்கும்போது சக்கரத்துக்குள்ளிருந்து ஆரக்கால்கள் நெரியும் சத்தம் கேட்கும். அந்தப் பட்டையில் ஓர் ஆணிகூட வேண்டாம், வருடக்கணக்கில் கழலாது. சூட்டில் விரிந்த இரும்பு, ஆறிப் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கிறது, மரம் விடவில்லை, அந்த இழுபறிதான் பிடிப்பு.

கிராங்கிலும் இதே இழுபறி, சூடில்லாமல். பின்னின் விட்டம் இருபது மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும். அது நுழைய வேண்டிய துளை, பின்னைவிட 0.05, 0.06 மில்லிமீட்டர் சிறியது. ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 0.07. ஒரு முடிகூட இல்லாத அந்த வித்தியாசத்தை 20 டன் ஹைட்ராலிக் பிரஸ்ஸால் முட்டித் தள்ளி உள்ளே ஏற்றுகிறார்கள். கடைக்காரர்கள் பிரஸ் ஃபிட் என்பார்கள், வரைபடம் போடுகிறவர்கள் இன்டர்ஃபியரன்ஸ் ஃபிட் என்பார்கள். நான் நெரிபொருத்தம் என்று எழுதுகிறேன். சூடாக்கிச் சுலபமாக நுழைக்கலாமே என்று காகாவிடம் கேட்டேன். சூட்டில் எஃகின் கடினம் இளகிப்போகும் என்றார். கோணலாக உட்கார்ந்துவிட்டால் ஆறுவதற்குள் திருத்த நேரமும் இருக்காதாம்.

எஃகு விரியுமா என்று சந்தேகம் வரலாம். விரியும். ரப்பரைப்போலவே, ரொம்பக் கொஞ்சமாக. பெரிய பின் உள்ளே போனதும் துளையைச் சுற்றியிருக்கும் எஃகு இழுபட்டு விரிகிறது, பின் ஒடுங்குகிறது. இரண்டுமே பழைய அளவுக்குத் திரும்பத் துடிக்கின்றன. இந்தக் குணத்துக்கு மீள்மை என்று பெயர். அந்தத் துடிப்பு, தொடும் பரப்பு முழுவதையும் பயங்கரமாக அழுத்துகிறது. அழுத்தம் உராய்வைக் கொடுக்கிறது. உராய்வு பின்னைத் திரும்பவிடாமல் பிடிக்கிறது. எண் வைத்துச் சொன்னால், பின்னை மறுபடி வெளியே தள்ளவே சில டன் விசை வேண்டும்.

மீள்மைக்கு எல்லை உண்டு. பழைய பைஜாமாவின் எலாஸ்டிக் ஒரு கட்டத்துக்குமேல் இழுபட்டால் திரும்பாது. பின் 0.06 பெரிதாக இருந்தால் பிடி, 0.12 பெரிதாக இருந்தால் இன்னும் பலமான பிடி என்று நினைத்துச் செய்தால், துளை நிரந்தரமாக விரிந்துவிடும், சில சமயம் வட்டு வெடித்தே விடும். இன்னொரு சங்கடம், ஒவ்வொரு முறை பின்னை ஏற்றி இறக்கும்போதும் துளையின் சுவரில் உள்ள நுண்ணிய மேடுகள் சீவப்படுகின்றன. என் கிராங்கில் நடந்தது அதுதான். நாற்பது வருடத்தில் எத்தனை கை பார்த்ததோ. முந்தைய பட்டறையில் போட்ட பின் சரியான அளவுதான். காகா மைக்ரோமீட்டர் வைத்துக் காட்டினார். துளைதான் வளர்ந்துவிட்டது. 0.06 இருக்க வேண்டிய இடத்தில் 0.02 மிச்சம். ஒவ்வொரு வெடிப்புக்கும் வட்டும் பின்னும் கண்ணுக்குத் தெரியாமல் ஒன்றையொன்று தேய்த்து, தேய்ந்த துகள் துருவாகிச் சிவந்து, கடைசியில் ஒருநாள் வட்டு திரும்பிவிட்டது. அந்தச் செம்மண் பொடி இரும்புத் துரு. அது இருந்தால் அங்கே அசைவு இருந்திருக்கிறது என்று பொருள். போலீஸ்காரருக்குக் கைரேகைபோல, பட்டறைக்காரருக்கு இது.

ஆக எனக்கு வேண்டியது கடையில் கிடைக்கும் 'சரியான' பின் இல்லை. என் துளைக்கு மட்டும் சரியான, சற்றே தடித்த பின். பெட்டியில் ஒட்டியிருக்கும் பாக எண் இங்கே பாதி உண்மைதான் சொல்லும்.

சென்னைக்கு ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும் எப்படியோ, புனேக்கு நானா பேட்டும் ஜூனா பஜாரும் அப்படி. நானா பேட்டில் கடைக்குக் கடை டூ வீலர் உதிரிபாகம். "பாவு, யெஸ்டி ராடு கிட் இருக்கா?" என்றால் (பாவு, மராத்தியில் அண்ணன்), கல்லாவில் இருப்பவர் தலை நிமிராமல் கேட்பார்: "ஒரிஜினலா, கம்பெனியா, லோக்கலா?" இந்த மூன்று சொல்லுக்கும் எந்த அகராதியிலும் விளக்கம் கிடைக்காது. தொழிற்சாலை மூடிக் கால் நூற்றாண்டுக்குமேல் ஆன வண்டிக்கு ஒரிஜினல் என்றால், அன்று செய்து விற்காமல் எங்கோ கிடந்த சரக்கு. மற்ற இரண்டும் பிறகு யாரோ அளவெடுத்துச் செய்தவை.

லோக்கல் என்பதாலேயே ஒதுக்கவும் கூடாது, ஒரிஜினல் என்பதாலேயே நம்பவும் கூடாது. ஞாயிறும் புதனும் கூடும் ஜூனா பஜாரில், பழைய டெலிபோன்களுக்கும் பித்தளைக் குத்துவிளக்குகளுக்கும் நடுவே ஒரு சாக்கின்மேல், மெழுகுத்தாள் பிரிக்காத ராடு கிட் ஒன்று கிடைத்தது. கை நடுங்க வாங்கி வந்தேன். காகா லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு உருளை ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு கடுகில் பாதி அளவுக்குத் துருப்புள்ளி. "இது போதும், சாக," என்றார்.

ஏன் போதும்? உருளை பின்னைத் தொடும் இடம் ஒரு கோடுதான். முழு விசையும் அந்தக் கோட்டில் இறங்குகிறது. விநோதம் என்னவென்றால், எஃகை வெட்டப் பார்க்கும் தகைவு உச்சத்தில் இருப்பது மேற்பரப்பில் இல்லை, அதற்குச் சற்றுக் கீழே. நல்ல பேரிங் வயதாகிச் சாகும்போதும் விரிசல் உள்ளேதான் பிறக்கும். பிறகு மேலே வந்து, சுவரில் காரை பெயர்வதுபோல ஒரு செதில் உதிரும். பழைய பின்களின் ஒரு பக்கத்தில் மட்டும் அம்மைத் தழும்புபோல இருப்பது இதனால்தான். வெடிப்பின் அடி எப்போதும் அந்தப் பக்கத்தில்தான் விழுகிறது. துருப்புள்ளி இருந்தாலோ, விரிசல் பிறக்கக் கோடிக்கணக்கான சுற்று காத்திருக்க வேண்டியதில்லை. குழி தயாராக இருக்கிறது.

புதிய பின்களை அவர் சோதித்த விதம் இன்னும் எளியது. ஓர் அரத்தை எடுத்து நுனியில் உரசினார். முதல் கடையில் வாங்கியதில் அரம் பற்களைப் பதித்து வெள்ளைக் கோடு போட்டது. இரண்டாவதில் கண்ணாடிமேல் போவதுபோல வழுக்கியது. நல்ல பின், மெதுவடையைப்போல: மேலே மொறுமொறு, உள்ளே மெத்து. முழுவதும் கடினமாக இருந்தால் வெடிப்பின் அடிக்கு முறிந்துவிடும். முழுவதும் மென்மையாக இருந்தால் உருளைகள் அதைத் தின்றுவிடும். எனவே கார்பன் குறைவான எஃகில் பின்னைச் செய்து, கார்பன் நிறைந்த சூழலில் 900 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் பல மணி நேரம் வைக்கிறார்கள். ஊறவைத்த ஊறுகாய்க்குள் உப்பு இறங்குவதுபோலக் கார்பன் ஒரு மில்லிமீட்டர் ஆழம்வரை இறங்கும். சட்டென்று குளிர்வித்தால் அந்தத் தோல் மட்டும் கெட்டிப்படும். தோல்கடினமாக்கல் என்று சொல்லலாம். பளபளப்பைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. பாலிஷ் போட எந்த எஃகும் சம்மதிக்கும்.

வழி இருந்தது. இன்னொரு இன்ஜினுக்கான, என்னுடையதைவிடச் சற்றுத் தடித்த நல்ல பின் ஒன்றைத் தேர்ந்து, சாணைபிடித்து என் துளைக்கு வேண்டிய அளவுக்குக் குறைப்பது. வடையின் மேல்தோலை அதிகம் சீவினால் மாவுதான் தெரியும் என்பதால், பாதி மில்லிமீட்டருக்குமேல் குறைக்க வேண்டியிராத பின்னாகத் தேடினோம். பின் தடித்தால் உருளைகளுக்கு இடம் குறையும். ராடு வளையத்தின் உட்சுவரை ஹோனிங் கல்லால் தேய்த்து, துளை வளர்ந்த அதே 0.04ஐக் காகா மீட்டார். செக் நாட்டில் பழைய ஜாவாவுக்கான பாகங்களை இன்றும் புதிதாகச் செய்கிறார்கள், வரவழைத்திருக்கலாம். ஆனால் அங்கிருந்து வருவதும் புதுத் துளைக்கான பின்தானே.

இந்த அலைச்சலில் ஒரே ஒரு பொருளுக்கு நான் வியர்க்கவில்லை. வட்டுகளின் இருபுற அச்சுகளையும் தாங்கும் பால் பேரிங். அதற்கு உலகப் பொது மொழி இருக்கிறது. உதாரணமாக 6305 என்று பொறித்திருந்தால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்குங்கள்: உள்துளை 25 மில்லிமீட்டர். வண்டி எதுவானாலும், ஊர் எதுவானாலும், சிஞ்ச்வட் எஸ்கேஎஃப் ஆலையில் செய்ததானாலும் ஜப்பானில் செய்ததானாலும் அதே அளவு. பின்னால் சி3 என்ற குறி இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். உள்ளே குண்டுகளுக்குச் சாதாரணத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் இடைவெளி என்று பொருள். பேரிங்கையும் நெரித்துத்தான் உட்கார வைக்கிறோம், இன்ஜினும் சூடாகும். இடைவெளி குறைந்து குறைந்து குண்டுகள் இறுகிப்போகாமல் இருக்கத்தான் அந்தக் கூடுதல். கனெக்டிங் ராடுக்கும் இப்படி ஒரு மொழி இருந்திருந்தால் நானா பேட்டில் பாதிக் கடைக்கு வேலையே இருக்காது.

பின் சாணையிலிருந்து வந்த அன்று காகா உடனே அளக்கவில்லை. மைக்ரோமீட்டர், பின், வட்டு மூன்றையும் ஒரே மேசையில் ஒரு மணி நேரம் கிடத்தினார். டீ குடித்துவிட்டு வந்தோம். உலகம் முழுதும் நீள அளவுகள் 20 டிகிரி செல்சியஸுக்குத்தான் சொல்லப்படுகின்றன. அன்று புனேயில் 38. அந்தப் பதினெட்டு டிகிரிக்கு, இருபத்திரண்டு மில்லிமீட்டர் எஃகு சுமார் 0.005 விரியும். அளக்கும் கருவியும் அளக்கப்படுவதும் ஒரே சூட்டில் இருந்தால் இரண்டும் சேர்ந்து விரியும், பிழை அடிபட்டுப்போகும். வெயிலில் கிடந்த பின்னை நிழலில் இருந்த கருவியால் அளந்தால், 0.06இல் பன்னிரண்டில் ஒரு பங்கு பொய்.

பிரஸ்ஸில் ஏற்றியது பத்து நிமிட வேலை. அழுத்தமானி முள் ஏறிக்கொண்டே போக, பின் ஒரு முறை 'டக்' என்று நகர்ந்து, பிறகு சீராக இறங்கியது. "நடுவுல தடுமாறாம ஒரே மாதிரி ஏறணும். திடீர்னு லேசானா சந்தேகப்படு," என்றார். அதற்குமேல்தான் உண்மையான வேலை. பட்டறைகளில் 'அவுட் எடுக்கிறது' என்பார்கள்.

முதலில் ராடை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தார், எண்ணெய் ஒரு சொட்டு இல்லாமல் துடைத்துவிட்டு. எண்ணெய் இருந்தால் ஆட்டத்தை மறைத்துவிடும். துளிகூட அசையக்கூடாது, அசையவில்லை. ராடின் மேல்நுனியைப் பக்கவாட்டில் ஆட்டினால் மட்டும் கொஞ்சம் ஆடும், ஆட வேண்டும். அடியில் உருளைகளின் அகலம் சிறியது, ராடோ நீளம். தராசின் முள்போல, அடியிலுள்ள கண்காணா இடைவெளி நுனியில் ஆறேழு மடங்காகத் தெரிகிறது. அந்த நுனியாட்டம் 2 மில்லிமீட்டரைத் தாண்டினால் ராடு கிட் தீர்ந்தது என்று பல பழைய டூ ஸ்ட்ரோக் பட்டறைக் கையேடுகள் சொல்லும். கண்ணுக்குத் தெரியாததைப் பார்க்க நீண்ட கை போதும்.

பிறகு கிராங்கை லேத்தின் இரு முனைகளுக்கு நடுவே நிறுத்தி, இரண்டு பக்க அச்சிலும் ஒரு டயல் காஜ் வைத்தார். ஒரு கோடு நகர்ந்தால் 0.01 மில்லிமீட்டர். மெதுவாகக் கையால் சுற்றினார். இரண்டு முள்ளும் பதின்மூன்று, பதினான்கு கோடு ஆடின. முள் காட்டுவது எப்போதும் இரட்டிப்பு; அச்சு ஒரு பக்கம் 0.07 விலகினால், சுற்றி வரும்போது அந்தப் பக்கம் கூடும், எதிர்ப்பக்கம் குறையும், மொத்தம் 0.14.

இனி வருவதுதான் எனக்குப் பிடித்தது. இரண்டு வட்டுகள் பெரும்பாலும் இரண்டே விதமாகத்தான் தப்பாக நிற்கும். ஒன்று, சிப்பியின் வாய்போல ஒரு பக்கம் விரிந்தோ மூடியோ இருக்கும். இன்னொன்று, டப்பாவின் மூடியைத் திருகியதுபோல ஒன்று மற்றதைவிட்டுச் சுழன்றிருக்கும். பிரித்துப் பார்க்காமலே எது என்று முள் சொல்லிவிடுகிறது. முள்ளின் உச்சம் கிராங்க் பின் இருக்கும் திசையிலோ அதற்கு நேரெதிரிலோ, இரண்டு பக்கமும் ஒன்றாக வந்தால் சிப்பி. பின்னுக்குக் கால் சுற்றுத் தள்ளி, இரண்டு பக்கமும் எதிரெதிராக வந்தால் திருகல். என்னுடையது திருகல். சாக்பீஸால் ஒரு வட்டின் விளிம்பில் குறி போட்டார். கிராங்கை இறக்கிக் கையில் தொங்கவிட்டு, குறியின்மேல் செம்புச் சுத்தியலால் ஒரே ஓர் அடி. பிரஸ்ஸில் பல டன்னுக்கு மசியாமல் ஏறிய மூட்டு, சரியான இடத்தில் விழும் சுருக்கடிக்கு ஒரு முடியில் பாதி நகர்ந்து கொடுக்கிறது. அடி கணநேரமே நீடித்தாலும் அந்தக் கணத்தில் விசை மிகப் பெரியது.

மறுபடி லேத். ஒன்பது கோடு. மறுபடி அடி. ஆறு. ஒரு முறை அதிகமாகப் போய் எதிர்ப்பக்கம் பதினொன்றானது. காகா யாரையோ மராத்தியில் திட்டினார், என்னை இல்லை என்று நினைக்கிறேன். வெளியே கம்பெனி பஸ் ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. ஏழு. நாலு. மூன்று கோட்டில் நான் "சாலேல்" என்றேன். 'போதும், ஓடும்' என்பதற்கு மராத்தியில் அதுதான் சொல். அவர் பதில் சொல்லாமல் இன்னொரு முறை சாக்பீஸைத் தேடினார்.

இரண்டு கோட்டில் நிறுத்தினார். பிறகு மின் எழுத்தாணியை எடுத்து, வட்டின் வெளிமுகத்தில், எந்தப் பாகமும் உரசாத இடத்தில், பின்னின் அளவை மூன்று தசம இலக்கத்தோடு பொறித்தார். கீழே வருடம். இன்ஜின் மூடியபின் அதை யாரும் பார்க்கப்போவதில்லை. அடுத்த முறை இதைத் திறப்பவர் முதலில் துடைத்துப் பார்க்கும் இடம் அதுதான் என்றார்.